சேனியின் இரண்டு பாதிகள்

வாகருசா ஓடைக்கரை, கேன்சஸ் பிரதேசம்
4 ஏப்ரல் 1855

ஹிராம் அண்ணாவுக்கு,

நலமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். வந்த வேலை முடிந்தவன் நலமாகத்தான் போய்ச் சேருவான்.

உனக்கு வீடு மிசூரியில், சணல் வயல் மிசூரியில், பெண்டாட்டி மிசூரியில். ஓட்டு மட்டும் கேன்சஸில். இங்கே அடிமை வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்பதை இங்கே குடியிருப்பவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்று வாஷிங்டனில் சொல்லிவிட்டார்கள். குடியிருப்பவர்கள் என்ற சொல்லுக்கு உங்கள் ஊரில் என்ன அர்த்தம்? அடிமைக் கட்சியின் அடையாளமாகச் சட்டைப் பித்தான் துளையில் சணல் நாரைச் செருகிக்கொண்டு, விஸ்கிப் பீப்பாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு, கூட்டமாக வந்து இறங்கினீர்களே, அதுதான் குடியேற்றமா? ஓட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தவர் உன்னிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"நீங்க இங்கதான் குடியிருக்கீங்களா?"

"இப்ப இங்கதானே நிக்கிறேன்? ராத்திரி இங்கதான் படுக்கப் போறேன். இதுக்கு மேல என்ன குடியிருக்கணும்?"

என் அண்ணன் சொல்கிற பதிலா இது என்று வெட்கமாக இருந்தது. அதைவிட வெட்கம், நீ நேராக என் வீட்டுக்கு வந்து சோள ரொட்டியும் உப்புக்கறியும் கேட்டு உட்கார்ந்தது. என் வீட்டுக்காரர் ஓட்டுப் போடப் போனபோது உன் கூட்டாளிகள் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறார்கள். நீ அதே நாரோடு அவர் நாற்காலியில் உட்கார்ந்து, "ஆமோஸ் மாப்பிள்ளை எங்க, சாப்பிட வரலையா?" என்று கேட்கிறாய். அவர் கொட்டகையில் பட்டினியாக உட்கார்ந்திருந்தார்.

போகிற வழியில் எங்கள் நிலத்துக்குத் தெற்கே நாலு மரத்துண்டைச் சதுரமாகப் போட்டு, ஒரு மரத்தில் பெயரைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறாய். நாலு துண்டு போட்டால் வீடு என்பது இந்தப் பிரதேசத்துப் பைத்தியக்காரத்தனம். அதை நீயும் கற்றுக்கொண்டுவிட்டாய். போகட்டும். ஆனால் சேனியை அங்கே கொண்டுவந்து வைக்கப்போவதாகச் சொன்னாயே, அது மட்டும் வேண்டாம். அப்பா தன் உயிலில் அவளை நம் இருவருக்கும் பாதிப் பாதியாக எழுதிவைத்தார். என் பாதியைக் கேட்காமல் அவளை எங்கேயும் கொண்டுபோக உனக்கு உரிமை கிடையாது.

திர்சா


லெக்சிங்டன், மிசூரி
29 ஏப்ரல் 1855

திர்சா,

எழுத்திலேயே கத்துவது எப்படி என்று உன்னிடம்தான் கற்க வேண்டும். உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்தேன். லவீனியாவுக்குச் சிரித்துச் சிரித்து, உன் அண்ணிக்கே உரிய அந்த இருமல் வந்துவிட்டது.

உன் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. தச்சு வேலைக்கு ஓஹையோவிலிருந்து வந்தவர், நம் வீட்டுக் கூரையைப் போட வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போனவர். அவருக்குச் சணலைப் பற்றி என்ன தெரியும்? தண்டை ஊறப்போட்டு, காயவைத்து, கட்டையில் வைத்து உடைத்து நார் எடுக்கிற வேலையைக் கூலிக்கு எந்த வெள்ளைக்காரன் செய்வான்? என்னிடம் இருப்பதெல்லாம் இரண்டு காலில் நடக்கிற சொத்து. கேன்சஸில் அடிமைத்தனம் கூடாது என்றால், என் வாசலிலிருந்து மூன்று நாள் தூரத்தில் சுதந்திரம் வந்து நிற்கிறது என்று அர்த்தம். அப்புறம் யார் தங்குவார்கள்? நீயும் மாப்பிள்ளையும் பைபிள் வசனம் சொல்லிக்கொண்டு தூங்குவீர்கள். எனக்குத் தூக்கம் வராது.

உன் பாதி, உன் பாதி என்கிறாய். எந்தப் பாதி உன்னுடையது, சொல். என் சமையலறையில் அவள் இரண்டு பாதிக்கும் சேர்த்துத்தான் சாப்பிடுகிறாள். இலையுதிர் காலத்தில் இல்லாவிட்டால் அடுத்த வசந்தத்தில் அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். என் நிலத்தில் ஓர் அடிமை மூட்டிய அடுப்புப் புகைந்தால், அது அடிமை மண் இல்லை என்று எவன் சொல்லமுடியும்?

அவளுக்கே வர ஆசைதான். சூப் ஊற்றிக்கொண்டே கேட்டாள். "அங்க ஆறு ரொம்ப ஆழமாங்க எசமான்? சின்னம்மா எப்படிக் கடந்து போனாங்களாம்?" தண்ணீர் என்றால் அவளுக்குப் பயம். ஆறுதலாக நாலு வரி எழுது.

ஹிராம்


வாகருசா ஓடைக்கரை
17 ஜூன் 1855

அண்ணா,

எந்தப் பாதி என்று கேட்டு உனக்கே சிரிப்பு வந்திருக்கும். எனக்கு வரவில்லை. அவளும் நானும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள். என் அம்மை நோயில் இருபது நாள் என் பக்கத்தில் கிடந்தவள் அவள். வாய் என் பாதியில் இருக்கட்டும். அவள் வாயைத் திறந்து என்ன சொல்வாள் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை.

உன் அரண்மனையைப் பற்றிய செய்தி: ஒரு மரத்துண்டை எங்கள் மாடு உருட்டிவிட்டது. மீதி மூன்றுக்கு நடுவே என் கோழி முட்டை வைத்திருக்கிறது. குடியிருப்பவர்களுக்குத்தான் ஓட்டு என்றால் அந்தக் கோழிக்குத்தான் கொடுக்கவேண்டும்.

சேனியிடம் சொல்: பயப்பட ஒன்றுமில்லை. ஓடையில் எங்கள் வேலி முடிகிற இடத்தில் கல் பாவிய துறை இருக்கிறது, முழங்கால் அளவுதான் தண்ணீர். பெரிய ஆறு அதற்கு வடக்கே. அது ஆழம், ஆனால் டெலவேர் பழங்குடிக்காரர்கள் படகு வைத்திருக்கிறார்கள். வண்டி, மாடு எல்லாம் ஏற்றுவார்கள். யார், எங்கே போகிறாய் என்று ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். வெள்ளைக்காரன் சண்டை அவர்களுக்கு அலுத்துவிட்டது. எனக்கும்தான்.

திர்சா


லெக்சிங்டன்
23 செப்டம்பர் 1855

திர்சா,

நாங்கள் ஓட்டுப் போட்டு உண்டாக்கிய சட்டசபை சட்டம் போட்டுவிட்டது, பார்த்தாயா? கேன்சஸில் அடிமை வைக்க உரிமை இல்லை என்று பேசினாலோ எழுதினாலோ சிறை. அடிமை ஓட உதவினால் தூக்கு. உன் கடிதங்களை எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தால் உனக்கு ஆயுள் முழுக்கச் சாப்பாடு அரசாங்கச் செலவில். அண்ணன் என்பதால் கொடுக்காமல் இருக்கிறேன்.

இன்னொன்று. ஊருக்கு உபதேசம் செய்கிறாயே, உன் பாதியை விடுதலை செய்து ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடவேண்டியதுதானே? யார் உன் கையைப் பிடித்தார்கள்? போடமாட்டாய். ஏனென்றால் அந்தப் பாதி உன் கையில் இருக்கிறவரைதான் என்னை அதட்டலாம். கையில் இருக்கிற கோலை யார் தூக்கி எறிவார்கள்?

இதையும் மேசையில் சொன்னேன். லவீனியா "சபாஷ்" என்றாள். சேனி ரொட்டித் தட்டை வைத்துவிட்டு, "அங்க கறுப்பு ஜனங்க இருக்காங்களா எசமான்? அவங்கள எப்படி நடத்துறாங்களாம்?" என்று கேட்டாள். போகப்போகிற ஊரைப் பற்றி எவ்வளவு அக்கறை பார். அவளுக்கு இருக்கிற அக்கறை உனக்கு இல்லை.

ஹிராம்


வாகருசா ஓடைக்கரை
20 டிசம்பர் 1855

அண்ணா,

உன் ஆட்கள் போன மாதம் இந்த ஓடைக்கரையில் கூடாரம் அடித்து எங்கள் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். என் வேலிக் கம்புகள் முழுவதும் அவர்களுக்கு விறகாகிவிட்டன. அதற்காகத் திட்டத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இன்றைக்கு என் கோபம் உன் பக்கம் வரமாட்டேன் என்கிறது.

உன் சட்டசபையை நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்பதால், எங்கள் ஆட்கள் தனியாக ஓர் அரசியல் சட்டம் எழுதி, சனிக்கிழமை ஓட்டுக்கு விட்டார்கள். கேன்சஸில் அடிமைத்தனம் கூடாது. அவர் ஆமாம் என்று போட்டுவிட்டு வந்தார். நானும் சந்தோஷமாக ஆப்பிள் அடை சுட்டு வைத்திருந்தேன். சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறார், அதோடு இன்னொரு கேள்வியும் இருந்ததாம். சுதந்திரமான கறுப்பர்களும் இந்தப் பிரதேசத்துக்குள் வரக்கூடாது என்று வைத்துக்கொள்ளலாமா என்று. அதற்கும் ஆமாம் என்று போட்டாராம்.

"ஏன்?" என்று கேட்டேன்.

"அடிமையும் வேண்டாம், அவங்களும் வேண்டாம். கூலிய அவங்க குறைச்சுடுவாங்க திர்சா. நான் பட்டினி கிடந்து போராடுறது என் தச்சு வேலைக்காகத்தான்."

"அப்ப சேனிய நான் விடுதலை பண்ணினா, அவ எங்க இருப்பா?"

"இங்க இல்ல. படகுத்துறை தாண்டி வடக்க போனா நெப்ராஸ்கா, அதையும் தாண்டினா அயோவா. அங்க அவங்கள ஒளிச்சு வெச்சு கனடாவுக்கு அனுப்புற ஆளுங்க இருக்காங்க. அங்க போகட்டும். நான் கெட்டவனா?"

மீதி அடையைப் பன்றிக்குப் போட்டேன். உன்னோடு சண்டை போடுவது சுலபம். நீ என்ன நினைக்கிறாயோ அதைச் சட்டையில் செருகிக்கொண்டு வருகிறாய்.

கையெழுத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். யோசிக்கிறேன். இதைப் படித்து நீ சிரிப்பாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன், வேறு யாரிடம் சொல்வது?

திர்சா


லெக்சிங்டன்
11 பிப்ரவரி 1856

திர்சா,

சிரித்தேன். மறைக்க மாட்டேன். இரண்டு தரம் உரக்கப் படித்தேன், இரண்டாவது தரம் லவீனியா கேட்டுக்கொண்டதால். மாப்பிள்ளையை நான் இத்தனை நாள் தப்பாக நினைத்துவிட்டேன். நானாவது கறுப்பர்களோடு ஒரே கூரையின் கீழ் இருக்கிறேன். அவருக்கு ஒரே பிரதேசத்தில் இருப்பதே ஆகவில்லை. அடுத்த முறை வரும்போது அவரோடு ஒரு கோப்பை விஸ்கி குடிக்க வேண்டும்.

சேனி சிரிக்கவில்லை. "அயோவா எங்க இருக்குங்க?" என்றாள். வடக்கே, குளிர் அதிகம், உன்னால் தாங்க முடியாது என்றேன். "ஆமாங்க, குளிரு எனக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள்.

ஏப்ரலில் வருகிறோம். இந்த முறை நாலு துண்டு இல்லை, நிஜமான குடிசை, புகைக்கூண்டோடு. உன் கோழியை வேறு இடம் பார்க்கச் சொல்.

ஹிராம்


வாகருசா ஓடைக்கரை
30 ஜூன் 1856

அண்ணா,

மூன்று வாரம் பக்கத்து நிலத்தில் இருந்தாய். மூன்று வாரமும் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. போன மாதமே சணல் வேலை என்று ஊருக்குப் போய்விட்டாய். குடிசையில் சேனியையும் அந்தக் கூலிக்காரன் டட்டிலையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். ஆள் இல்லாத நிலத்தை எவனாவது பிடித்துக்கொள்வான், அதனால் புகைக்கூண்டு நிற்காமல் புகையவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாயாமே. அவள் அங்கே உன் புகையைக் காத்துக்கொண்டிருக்கிறாள். டட்டில் பகலில் குடிக்கிறான், மாலையில் தூங்குகிறான். உனக்கு மனசு என்று ஒன்று இருந்தால் அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போ. இல்லை என்னிடம் விடு.

நேற்று அவளுக்கு மோரும் கொஞ்சம் வெண்ணெயும் கொண்டுபோனேன். வாசலில் நின்றபடியே வாங்கிக்கொண்டாள்.

"என் வீட்டுக்கு வந்துடு சேனி. என் வீட்டுக்காரருகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றேன்.

"அவரு ஓட்டுப் போட்டாச்சே சின்னம்மா. அதுக்கப்புறம் என்ன பேசுவீங்க?"

"என் பாதிய எழுதிக் கொடுத்துடறேன். சத்தியமா."

"போன வருஷமும் யோசிக்கிறதா எழுதியிருந்தீங்க. யோசிங்க. மோருக்கு நல்லாயிருப்பீங்க."

சட்டியைக் கழுவிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் உனக்கு எழுதியது அவளுக்கு எப்படித் தெரியும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். அப்புறம் புரிந்தது. சூப் ஊற்றுகிறவளுக்குக் காது இல்லை என்று நீ நினைத்திருக்கிறாய். அவள் உன் மூலமாகக் கேட்டதற்கெல்லாம் நானும் பதில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறேன். இனி என் கடிதத்தை வாயை மூடிக்கொண்டு படி.

திர்சா


லெக்சிங்டன்
25 ஆகஸ்ட் 1856

திர்சா,

அவளை எங்கே ஒளித்துவைத்திருக்கிறாய்? மரியாதையாகச் சொல்லிவிடு.

டட்டில் நேற்று வந்து சேர்ந்தான். இரண்டு நாள் அவளைக் கண்ணால் பார்க்கவில்லையாம். ஏனடா தேடவில்லை என்றால், "புகை வந்துக்கிட்டேதான் இருந்துச்சு எசமான், உள்ள சமைக்கிறான்னு நெனச்சேன்" என்கிறான். ஈர மரத்தைப் பெரிது பெரிதாக அடுக்கி, மேலே சாம்பலைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அந்த முட்டாள் கொட்டகையில் படுத்துக்கொண்டு புகையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். நான்தான் சொன்னேன், புகை நிற்கக்கூடாது என்று. என் கோவேறு கழுதையும் என் பழைய கோட்டும் அவளோடு போய்விட்டன.

திர்சா, அவளுக்கு என்ன குறை வைத்தேன்? அவள் கை ரொட்டி இனி கிடைக்காது என்று கேட்டதிலிருந்து லவீனியா சாப்பிடவில்லை. சொன்னால் நம்பமாட்டாய், எனக்குக் கோபத்தைவிட அவமானமாக இருக்கிறது. நான் ஊருக்குக் கிளம்பும்போது என்னிடம் கேட்டாள், "எசமான் எப்ப வருவீங்க?" என்று. நான் பாசம் என்று நினைத்தேன்.

நீ அவளைத் தூண்டிவிட்டாய். நீ தூண்டிவிடாவிட்டால் உன் வீட்டுக்காரர். தேடுவதற்குப் பத்திரிகையில் விளம்பரம் போடவேண்டும். பாதிச் சொந்தக்காரி நீ என்பதால் உன் கையெழுத்தும் வேண்டும் என்று வக்கீல் சொல்கிறார். காகிதம் இத்துடன் இருக்கிறது. போட்டு அனுப்பு. அனுப்பாவிட்டால் நீதான் ஒளித்தாய் என்று வைத்துக்கொள்வேன். சட்டம் என்ன சொல்கிறது என்று உனக்குத் தெரியும்.

ஹிராம்


வாகருசா ஓடைக்கரை
6 செப்டம்பர் 1856

அண்ணா,

அவள் என் வீட்டில் இல்லை. உன் ஆட்கள் இரண்டு தரம் வந்து சோளக் களஞ்சியம் வரை கிளறிப் பார்த்துவிட்டார்கள். என்னை நம்பாவிட்டால் அவர்களைக் கேள்.

நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஆற்றுப் படகுத்துறையில் உன் கூட்டாளிகள் காவல் நின்றார்களே, அவர்களே அவளை வழிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். உன் கோட்டைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள், பித்தானில் சணல் நார் அப்படியே. கழுதையின் கடிவாளத்திலும் ஒரு கொத்துக் கட்டியிருக்கிறாள். எங்கே போகிறாய் என்று கேட்டார்களாம். "ஹிராம் எசமான் வடக்க முகாம்ல இருக்காரு, அவருக்கு ரொட்டி கொண்டு போறேன். நேரமாச்சுன்னா தோலை உரிச்சுடுவாருங்க" என்றாளாம். எங்களுக்கும் ரெண்டு கொடு என்று வாங்கித் தின்றுவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். உன் பெயருக்கு இந்தப் பக்கம் நல்ல மரியாதை இருக்கிறது. டெலவேர் படகுக்காரர் என் வீட்டுக்காரரிடம் சொன்னது இது. எங்கே போகிறாய் என்று படகுக்காரர் அவளைக் கேட்கவில்லை. அவர்கள் கேட்கமாட்டார்கள் என்று நான்தான் எழுதியிருந்தேனே.

எனக்குத் தாங்காதது வேறு. ஓடைத் துறைக்குப் போக எங்கள் வேலி ஓரமாகத்தான் வழி. ஈர மண்ணில் கழுதையின் குளம்பைப் பார்த்தேன். என் வாசலுக்கு நேராக வந்து, அப்படியே போயிருக்கிறது. தட்டுவாள் என்று இரண்டு மாதமாகக் காத்துக்கொண்டிருந்தேன் அண்ணா. மாடியில் அவளுக்குப் படுக்கைகூடப் போட்டு வைத்திருந்தேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "நல்லவேளை, நம்ம வீட்டுக்கு வரல" என்றார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு வைக்கிறேன், பேசுவதில்லை. அவர் எதற்கு என்று கேட்கிறார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

உன் வக்கீலின் காகிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன், கையெழுத்து இல்லாமல். அதோடு கையெழுத்துப் போட்ட வேறொரு காகிதம் இருக்கிறது. என் பாதியை விடுதலை செய்திருக்கிறேன். போன வருடத்துத் தேதியைப் போடலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். போடவில்லை. இன்றைய தேதிதான். அவளுக்கு இது எதற்கும் பயன்படாது, எனக்குத் தெரியும்.

இனி நீ அவளைப் பிடித்தால் உன் பாதியை மட்டும் பிடி. மற்றப் பாதியைத் தொட்டால் ஒரு சுதந்திர மனுஷியைத் தொட்டவன் ஆவாய். உன் வக்கீல் எங்கே வெட்டுவது என்று சொல்லட்டும்.

உன் புகைக்கூண்டு அணைந்து பதினைந்து நாளாகிறது. நேற்று யாரோ ஒருவன் வந்து உன் குடிசைக் கதவில் தன் பெயரைச் செதுக்கிக்கொண்டிருந்தான். எந்தக் கட்சி என்று கேட்டேன். "நிலக் கட்சி" என்றான்.

நீயும் நானும் ஒன்றரை வருடமாக அவளை ஆளுக்குப் பாதியாக இழுத்துக்கொண்டிருந்தோம். அவள் நம் இருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் முழுசாகப் போய்விட்டாள்.

திர்சா